பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு விசுவாசம் இல்லையா?

"ஒரு பீஸ் தைக்கிற கூலி, அதாவது பீஸ் ரேட், ஐம்பது பைசா கூடினால் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுகிறார்களே, திருப்பூர்த் தொழிலாளிக்கு விசுவாசமே கிடையாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஓவர்லாக் டெய்லராக ஆரம்பித்து இப்போது லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். பதினேழு வருடம் ஆகிறது. விசுவாசம் நிறைய இருக்கிறது. அது யார் மேல் என்பதுதான் விஷயம்.

என் அப்பா கோவையில் ஒரு நூல் மில்லில் இருந்தார். சில வருடம் பதிலியாக அலைந்து பர்மனென்ட் ஆனவர். சங்கு ஊதும் முன்பே கேட்டில் நிற்பார். பி.எஃப்., தீபாவளி போனஸ், ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால் கிராஜுவிட்டி என்று மில்லும் அவரைப் பிடித்து வைத்திருந்தது. திருப்பூரில் 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்கப்புறம் பவர் டேபிள் என்கிற சின்னத் தையல் யூனிட், காண்ட்ராக்ட் என்று வேலை சிதறிப் போனது. ஆர்டர் முடிந்தால் வீட்டுக்கு அனுப்பப்படுகிற டெய்லருக்குக் கம்பெனி மேல் எப்படிப் பிடிப்பு வரும்?

ஒரே இடத்தில் இருப்பதாலும் பிடிப்பு என்று சொல்லிவிட முடியாது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் முன்பணம் வாங்கிய விசைத்தறித் தொழிலாளிகள் வருடக்கணக்கில் அதே தறியில் நிற்கிறார்கள். கடன் தீராமல் நிற்பது அது.

நான் முன்பு இருந்த கம்பெனியில் தாராபுரம் பக்கத்து அக்கா ஒருவர் பிளாட்லாக் தையல் மிஷின் ஓட்டினார். ஷிப்மென்ட் நெருக்கடி என்றால் ராத்திரி ஒன்பது மணி வரை முகம் சுளிக்காமல் தைப்பார். ஊரில் நோம்பி, அதாவது கோயில் திருவிழா, சாட்டியதும் மூன்று நாள் லீவு கேட்டார். மேனேஜர் கொடுக்கவில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு போனவர் திரும்பவே இல்லை. "ரேட் கூடக் கிடைச்சிருக்கும்" என்றார் மேனேஜர். அந்த அக்கா போய்ச் சேர்ந்த இடத்திலும் அதே ரேட்தான், எனக்குத் தெரியும்.

இப்போது இருக்கும் கம்பெனியில் ஷிப்மென்ட் தேதி ஒத்துக்கொள்ளும் முன் முதலாளி லைன் லைனாக நோம்பி தேதி கேட்டு எழுதிக்கொள்கிறார். 2020 ஊரடங்கில் மூடியிருந்தபோதும் எல்லோர் வீட்டுக்கும் அரிசி போனது. மறுபடி திறந்ததும் ஒரு போனுக்கு வந்துவிட்டார்கள்.

போன மாதம் அந்தத் தாராபுரத்து அக்கா கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, எங்க அண்ணன் புள்ளைக்கு உங்க லைன்ல எடம் இருக்குதுங்களா?" திங்கட்கிழமை கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.