வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்காவில் மாணவர் தகுதியைக் காத்துக்கொள்வது எப்படி?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவர்களைப் பற்றி அவர்களுடைய குடும்பத்தார் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகன் டெக்சஸ் மாநிலத்தில் எம்.எஸ். முதல் பருவம் படிக்கிறான். மொத்தம் மூன்று பாடங்கள், ஒன்பது கிரெடிட். அவற்றுள் ஒன்றில் இடைத்தேர்வு மதிப்பெண் மிகவும் குறைந்துவிட்டது. தேறாமல் போவதைவிட இப்போதே அந்தப் பாடத்திலிருந்து விலகிவிடலாம் என்று துறையின் பாட ஆலோசகர் சொல்கிறாராம். விலகினால் விசாவுக்குச் சிக்கல் வருமா? – வாசகர், மதுரை.

பதில்: முன் அனுமதி இல்லாமல் விலகினால் நிச்சயம் வரும். பாட ஆலோசகர் மாணவரின் மதிப்பெண்ணை மனத்தில் வைத்துப் பேசுகிறார். குடியேற்ற விதிகளைப் பார்ப்பது அவருடைய வேலை அன்று. அந்தப் பொறுப்பு, சர்வதேச மாணவர் அலுவலகத்தில் டி.எஸ்.ஓ. என்ற பதவியில் இருப்பவருடையது. மாணவரைப் பற்றிய விவரங்களை அரசின் ‘செவிஸ்’ கணினிப் பதிவேட்டில் ஏற்றுபவரும் அவரே.

எஃப்-1 மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் முழுப் பாடச்சுமையுடன் படிக்க வேண்டும். இளநிலைப் படிப்புக்கு 12 கிரெடிட் என்பது விதி. முதுநிலைக்குப் பல்கலைக்கழகமே நிர்ணயிக்கிறது, பல இடங்களில் அது ஒன்பது. அதற்குக் கீழே இறங்குவதற்கு டி.எஸ்.ஓ.வின் அனுமதி செவிஸில் முதலில் பதிவாக வேண்டும். அதன் பிறகுதான் பாடத்திலிருந்து விலக வேண்டும். விலகிவிட்டு மறுநாள் போய்ச் சொன்னால், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது விதிமீறலாகவே கருதப்படும்.

படிப்புச் சிரமத்துக்காக இந்த அனுமதியைத் தருவதற்கு விதி ஏற்கும் காரணங்கள் மிகச் சில: தொடக்கத்தில் ஆங்கிலத்திலோ வாசிப்புப் பளுவிலோ ஏற்படும் திணறல், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழக்கமில்லாமை, தகுதிக்குப் பொருந்தாத நிலையிலுள்ள பாடத்தில் சேர்க்கப்பட்டிருத்தல். உங்கள் மகன் முதல் பருவத்தில் இருப்பதால் இவற்றுள் ஒன்று பொருந்த வாய்ப்புண்டு. ஆனால் குறைந்தது ஆறு கிரெடிட்டாவது படித்தாக வேண்டும். அடுத்த பருவத்தில் முழுச் சுமைக்குத் திரும்ப வேண்டும். ஒரு பட்டப் படிப்பில் ஒரு முறைதான் இந்தச் சலுகை கிடைக்கும். அதனால் இதை இப்போதே பயன்படுத்துவதா, பின்னால் வரக்கூடிய கடினமான பருவத்துக்கு வைத்திருப்பதா என்பதையும் அவன் யோசிக்க வேண்டும். அந்தப் பாடத்துக்குப் பதிலாக ஆன்லைன் பாடங்களை எடுத்து ஈடுகட்டலாம் என்ற யோசனையும் முழுமையாக உதவாது. ஒரு பருவத்தில் ஒரே ஓர் ஆன்லைன் பாடம், அதிகபட்சம் மூன்று கிரெடிட், மட்டுமே முழுச் சுமையில் கணக்கிடப்படும்.

அனுமதி கிடைக்காவிட்டால், விலகாமல் படித்துத் தேறாமல் போவதே விசா நோக்கில் பாதுகாப்பானது. ஒரு பாடத்தில் தோற்றதால் மட்டும் மாணவர் தகுதி போய்விடாது. சராசரி மிகவும் சரிந்து பல்கலைக்கழகம் இடைநீக்கம் செய்தால்தான் ஆபத்து.

உடல்நலமோ மனநலமோ காரணமாக இருந்தால் வழி இன்னும் அகலமானது. உரிமம் பெற்ற மருத்துவர் அல்லது மருத்துவ உளவியலாளரின் கடிதத்துடன், ஒரு பட்டப் படிப்புக்கு மொத்தம் 12 மாதங்கள் வரை சுமையைக் குறைக்கலாம். தேவைப்பட்டால் பாடமே எடுக்காமலும் இருக்கலாம். பிள்ளை சரியாக உண்பதில்லை, உறங்குவதில்லை என்று பெற்றோருக்குத் தோன்றினால், மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த வழி இருப்பதைச் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்துக்கொண்டே வகுப்புக்குப் போகாமல் இருந்துவிடுவதுதான் பலருக்குக் கேடாக முடிகிறது.

ஒருவேளை உங்கள் மகன் ஏற்கெனவே அனுமதியின்றி விலகியிருந்தால் இன்றே சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குச் செல்லட்டும். தகுதியை மீட்க ஐ-539 படிவத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் பொதுவாகத் தகுதி இழந்த ஐந்து மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், முடிவு அரசின் கையில் இருக்கிறது.

கேள்வி: மகளின் விசா வரும் மார்ச் மாதத்துடன் முடிகிறது. படிப்பு முடிய இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது. அவள் உடனே ஊருக்கு வந்து புதுப்பிக்க வேண்டுமா? – வாசகி, கோயம்புத்தூர்.

பதில்: வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்டுள்ள விசா, அமெரிக்க எல்லையில் நுழைவதற்கான அனுமதி மட்டுமே. உள்ளே தங்கியிருக்கும் உரிமையை முடிவு செய்பவை, பல்கலைக்கழகம் தரும் ஐ-20, நாட்டுக்குள் நுழையும்போது பதிவாகும் ஐ-94 என்னும் இரண்டு ஆவணங்கள். ஐ-20-இன் முதல் பக்கத்தில் படிப்பு முடியும் தேதி இருக்கும். அந்தத் தேதி கடப்பதற்கு முன்பே நீட்டிப்புக் கேட்க வேண்டும். ஐ-94-இல் முடிவுத் தேதிக்குப் பதிலாக ‘டி/எஸ்’ என்று இருந்தால், விதிகளைப் பின்பற்றிப் படிக்கும் காலம் முழுவதும் தங்கலாம் என்று பொருள். இந்த முறையை மாற்றிக் குறிப்பிட்ட கால வரம்பு விதிக்கும் முன்மொழிவை அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2025 ஆகஸ்டில் வெளியிட்டது. ஆகவே ஒவ்வொரு முறை நாட்டுக்குள் நுழைந்த பிறகும் ஐ-94-ஐத் தரவிறக்கி, அதில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பது அவசியம்.

மார்ச்சுக்குப் பிறகு திருமணத்துக்கோ பண்டிகைக்கோ ஊருக்கு வந்தால், திரும்பிச் செல்லப் புதிய விசா தேவைப்படும். 2025 செப்டம்பர் முதல் மாணவர்களுக்கும் பெரும்பாலும் நேர்காணல் கட்டாயமாகிவிட்டதால், விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் நேர்காணலுக்கு இடம் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஐ-20-இன் இரண்டாம் பக்கத்தில் டி.எஸ்.ஓ. இடும் பயணக் கையொப்பம் ஓராண்டுக்குள் இடப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

கேள்வி: அறை மாறினால் யாருக்காவது தெரிவிக்க வேண்டுமா? – வாசகர், சேலம்.

பதில்: பத்து நாள்களுக்குள் டி.எஸ்.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: நியூ ஜெர்சியில் என் தம்பி மளிகைக் கடை வைத்திருக்கிறார். அங்கே படிக்கும் என் மகன் வார இறுதியில் சம்பளம் வாங்காமல் கல்லாவில் உட்கார்ந்து உதவலாமா? – வாசகர், திருநெல்வேலி.

பதில்: கூடாது. சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய வேலையைச் சும்மா செய்து கொடுத்தாலும் அது வேலையாகவே கருதப்படலாம். சித்தப்பா கடை என்பதால் விதி மாறாது. அனுமதியின்றி வேலை செய்தவருக்கு மேலே சொன்ன மீட்பு வழியும் அடைபட்டுவிடும் என்பதால், இதில் சிறிதும் இடம் கொடுக்காதீர்கள். வளாகத்துக்குள் நூலகம், உணவகம், ஆய்வகம் போன்ற இடங்களில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம்.

பணநெருக்கடிதான் உண்மையான காரணம் என்றால், பலரும் அறியாத ஒரு வழி இருக்கிறது. ஒரு கல்வியாண்டு முடித்த மாணவர், குடும்பத்தில் வருமானம் நின்றுபோதல், பெரிய மருத்துவச் செலவு போன்ற எதிர்பாராத நெருக்கடியைக் காட்டி, டி.எஸ்.ஓ.வின் பரிந்துரையுடன் ஐ-765 படிவத்தில் வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய அனுமதி கோரலாம். அனுமதி அட்டை கைக்கு வந்த பிறகே வேலையில் சேர வேண்டும்.

கேள்வி: வகுப்புக்கே போகாமல், சேர்ந்த முதல் நாளிலிருந்து முழுநேர வேலை பார்க்கலாம் என்று ஒரு முகவர் ஒரு கல்லூரியைக் காட்டுகிறார். நம்பலாமா? – வாசகி, திருச்சி.

பதில்: நம்பாதீர்கள். சி.பி.டி. எனப்படும் பயிற்சி வேலை, படிப்பின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். பொதுவாக ஒரு கல்வியாண்டு முடிந்த பிறகே கிடைக்கும். உடனடிப் பயிற்சியைக் கட்டாயமாக்கும் சில முதுநிலைப் படிப்புகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. 12 மாதங்கள் முழுநேர சி.பி.டி. செய்தவர், பட்டத்துக்குப் பின் கிடைக்கும் ஓ.பி.டி. என்ற பயிற்சி வேலை வாய்ப்பை அந்தப் பட்ட நிலையில் இழக்கிறார்.

மிச்சிகனில் இருந்த ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் அரசே நடத்திய ஒரு பொறி என்பது 2019 ஜனவரியில் வெளிவந்தது. அங்கே ஆசிரியரும் இல்லை, வகுப்பும் இல்லை. சேர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள், பலர் கைது செய்யப்பட்டு வெளியேற நேர்ந்தது. வேதனை என்னவென்றால், அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் அரசுப் பட்டியலில் அந்தப் பெயரும் இருந்தது. ஆகவே பட்டியலில் பெயர் இருப்பதை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். வகுப்பு அட்டவணையையும், பாடம் நடத்தும் ஆசிரியர்களின் பெயர்களையும், வகுப்பறை இருக்கும் முகவரியையும் கல்லூரியிடமே எழுத்தில் கேளுங்கள். அங்கே இப்போது படிக்கும் மாணவர்களிடம் முகவர் இல்லாமல் நீங்களே பேசுங்கள்.