சுவரோரக் கம்பளமும் ட்ரிம்மரின் அளவும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தங்கும் விடுதி ஒன்றின் அறைகளுக்குக் கம்பளம் விரிக்கும் வேலையை எடுத்திருக்கிறேன். சுவரோரத்தில் மிகுதியை நறுக்க ஒரு ட்ரிம்மர் வாங்கினேன். கம்பளமும் ஒன்றுதான், கருவியில் வைத்த அளவும் ஒன்றுதான். ஆனால் முதல் அறையில் ஓரம் தொய்ந்து விழுந்து சுவரோரம் இடுக்குத் தெரிகிறது. அடுத்த அறையில் ஓரம் உள்ளே இறங்காமல் மேடாக நிற்கிறது. கருவியில் கோளாறா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கருவியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். ஒரே அளவில் வைத்த ட்ரிம்மர் இரண்டு அறைகளில் இரண்டு விதமான பலனைத் தருகிறது என்றால், மாறியிருப்பது பெரும்பாலும் சுவருக்கும் கிரிப்பர் பட்டிக்கும் (கம்பளத்தைப் பிடித்து நிறுத்தச் சுவரோரம் தரையில் அடிக்கும் முள் பட்டி) நடுவே நீங்கள் விட்ட இடைவெளிதான். ட்ரிம்மரின் பக்கத் தகடு சுவரைத் தொட்டுக்கொண்டே நகர்வதால், பிளேடு எப்போதும் சுவரைக் கணக்கிட்டுத்தான் வெட்டும். முள் பட்டி எங்கே அடிக்கப்பட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. வெட்டிய ஓரத்தை அந்த இடைவெளிப் பள்ளத்துக்குள்தான் தள்ளுகிறோம்; இடைவெளி அகலமாக இருந்தால் ஓரம் பள்ளத்தை நிரப்பப் போதாது. குறுகலாக இருந்தால் அதே ஓரம் அதற்குள் அடங்காது.

ஆகவே முதலில் பட்டியைச் சரிபார்க்க வேண்டும். இடைவெளி கம்பளத்தின் தடிமனைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும்: 9 மி.மீ. தடிமனுள்ள கம்பளத்துக்கு 6 மி.மீ. அளவு பொருத்தமாக இருக்கும். எவ்வளவு தடித்த கம்பளமானாலும் இடைவெளி ஏறத்தாழ 9 மி.மீ.க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. பட்டியின் முட்கள் சுவரை நோக்கிச் சாய்ந்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்தின் பழைய கட்டடங்களில் சுண்ணாம்புப் பூச்சுச் சுவர்கள் நேராக இருப்பது அபூர்வம். நீளமான பட்டியை நேர்கோட்டில் அடித்தால் சுவர் உப்பிய இடத்தில் இடைவெளி சுருங்கும், உள்வாங்கிய இடத்தில் விரியும். இத்தகைய சுவரில் பட்டியைச் சிறு துண்டுகளாக வெட்டி, சுவரின் வளைவைப் பின்பற்றி அடிப்பதுதான் ஒரே வழி. எந்தத் திருகைத் திருகினாலும் ட்ரிம்மரால் இந்தக் குறையை ஈடுசெய்ய முடியாது.

இனி கருவிக்கு வருவோம். அதே கம்பளத்தில் மிஞ்சிய ஒரு துண்டை எடுத்து, பட்டி அடித்த சுவரோரத்தில் மாட்டி, ஒரு சாண் நீளம் நறுக்கிப் பாருங்கள். வெட்டிய ஓரத்தை அகலமான மழுங்கிய உளியால் பள்ளத்துக்குள் தள்ளும்போது அது சற்றே இறுக்கமாக இறங்கி, மேலே மேடு தெரியாமல் சுவரை ஒட்டி நின்றால் அளவு சரி. மேடு தட்டினால் பிளேடு பிடிப்பைத் தளர்த்தி மிகுதியைக் குறையுங்கள். இடுக்குத் தெரிந்தால் கூட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மி.மீ.க்கு மேல் நகர்த்தாதீர்கள். மரைகளை மீண்டும் இறுக்கியபின் கையால் அசைத்துப் பாருங்கள், ஏனெனில் தளர்ந்த பிடிப்பு சுவரின் பாதி தூரத்தில் தானாக நகர்ந்துவிடும். பிளேடின் முனை கம்பளத்தின் அடித்துணியை அறுக்கும் அளவுக்கு மட்டும் வெளியே நீண்டால் போதும். அதற்கு மேல் நீண்டால் சிவப்புச் சிமெண்டுத் தரையில் கோடு விழும், அந்தக் கோட்டை எந்த மெழுகும் மறைக்காது.

கம்பளத்தை முழுவதும் இழுத்து முட்களில் மாட்டிய பிறகே நறுக்க வேண்டும். தொய்வாக இருக்கும்போது நறுக்கிவிட்டுப் பின்னர் இழுத்தால் இருபுறமும் கணக்குத் தப்பும். சுவரில் ஏறி நிற்கும் மிகுதியை முதலில் ஐந்து செ.மீ. அளவுக்குக் கத்தியால் குறைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் இடத்தில் கத்தியால் ஒரு சிறு பிளவு போட்டு, ட்ரிம்மரை முன்பக்கம் சாய்த்து உள்ளே நுழைத்து, தரையில் படியவைத்து, கீழேயும் சுவர்ப்பக்கமும் ஒருசேர அழுத்தியபடி நிதானமாகத் தள்ளுங்கள். மற்றொரு கை பிளேடுக்கு முன்னால் ஒருபோதும் வரக் கூடாது. மூலையில் கடைசிச் சிறு பகுதிக்கும் வாசல் நிலைக்கும் கருவியின் உடல் இடம் கொடுக்காது. அவற்றைக் கத்தியால்தான் முடிக்க வேண்டும்.

கேள்வி: ஆடியில் முகூர்த்தம் இல்லாத நாட்களில் எங்கள் கல்யாண மண்டப மேடைக்கு மெல்லிய நெய்யாத கம்பளத்தைப் பசை போட்டு ஒட்டுகிறோம். ட்ரிம்மர் வைத்தால் ஓரம் பிசிறுகிறது, சில இடங்களில் கிழிகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: உங்கள் வேலையில் பட்டியும் இல்லை, பள்ளமும் இல்லை, எனவே உள்ளே தள்ளுவதற்கான மிகுதியும் தேவையில்லை. சுவரை முட்டி நிற்கும்படி, மிகச் சிறிதே கூடுதலாக வெட்டி, அழுத்தி ஒட்டினால் போதும். சுவரோரம் ஒரு சாண் அகலத்துக்குப் பசை தடவாமல் விட்டு, நறுக்கி முடித்தபின் மடக்கித் தடவுங்கள். ஈரப் பசை பிளேடில் ஏறுவதுதான் இழுப்புக்கும் கிழிசலுக்கும் முதல் காரணம். வெளிப்படையாகச் சொன்னால், இந்த வகை மெல்லிய கம்பளத்துக்கு நான் ட்ரிம்மரையே எடுக்க மாட்டேன். இரும்பு அளவுகோலும் புதுப் பிளேடு மாட்டிய கத்தியும் சுத்தமாக வெட்டும்.

கேள்வி: ஐப்பசி மழையில் பிளேடு துருவேறுகிறது. தீட்டிப் பயன்படுத்தலாமா? போன ஆண்டு சரியாக நறுக்கி முடித்த ஓர் அறையில், மழைக்குப் பின் கம்பளம் சுவரை விட்டு விலகியும் விட்டது.
– ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: இந்தப் பிளேடைத் தீட்ட வேண்டாம், ஒரு பக்கம் மழுங்கினால் திருப்பி மாட்டுங்கள், இரண்டும் மழுங்கினால் எறிந்துவிடுங்கள். சணல் அடித்துணியும் அதில் பூசிய ரப்பர்ப் பாலும் முனையை விரைவில் தின்றுவிடும். தள்ளும் கைக்குக் கூடுதல் பலம் தேவைப்படத் தொடங்கும்போதே மாற்றிவிட வேண்டும், ஏனெனில் மழுங்கிய பிளேடு அறுக்காமல் பிய்க்கும். வேலை முடிந்ததும் துடைத்து மெல்ல எண்ணெய் பூசி வையுங்கள். அடுத்த நாள் தொடங்குமுன் அந்த எண்ணெயை முற்றிலும் துடைக்காவிட்டால் கம்பளத்தில் கறை விழும்.

விலகலைப் பொறுத்தவரை, சணல் அடித்துணி நனைந்தால் சுருங்கும். ஓதம் ஏறும் தரையில் அது நடந்திருக்க வாய்ப்பு அதிகம். மறுபடி வேலை தொடங்குமுன் ஒரு பாலித்தீன் தாளைத் தரையில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒருநாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கு அடியில் நீர் முத்து கோத்திருந்தால், அந்தத் தரையில் சணல் அடித்துணிக் கம்பளம் கூடாது. பாலிப்ராப்பிலீன் அடித்துணி சுருங்காதுதான், ஆனால் ஈரம் அடியில் தங்கிப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் முதலில் ஓதத்துக்கே வழி பார்க்க வேண்டும். தரை காய்ந்த பிறகு, பழைய கம்பளத்தை முட்களிலிருந்து கழற்றி மீண்டும் இழுத்துப் பாருங்கள். சுருக்கம் சிறிதாக இருந்தால் ஓரம் சுவரை எட்டும், எட்டாவிட்டால் அந்தப் பக்கத்துக்கு ஒரு துண்டை இணைத்தே ஆக வேண்டும்.