உடுப்பு இல்லாதபோது எங்கே பிடிப்பது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "சில வருடங்கள் ஜூடோ பழகினேன். இப்போது டி-சேர்ட்டோடு கிராப்ளிங் (அடிக்காமல், பிடித்து மல்லுக்கட்டும் விளையாட்டு) பழகுகிறேன். தெரிந்த எறிதல் ஒன்றும் சரிவரவில்லை, கை வழுக்குகிறது. பிடியின் பலத்தைக் கூட்ட வேண்டுமா?"

வேண்டாம். கொழும்புப் புழுக்கத்தில் வியர்த்த மணிக்கட்டை எவ்வளவு இறுக்கினாலும் நழுவத்தான் செய்யும். பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள்.

ஜூடோவில் உங்கள் வலக்கை எதிராளியின் உடுப்புக் கழுத்துப்பட்டியில், இடக்கை அவரது வலது சட்டைக்கையில் இருக்கும். துணி இருப்பதால் கை நீள இடைவெளியிலும் அவரை இழுத்துச் சரிக்கலாம். துணி போனால் அந்த இடைவெளியும் போக வேண்டும். வலக்கையை அவரது இடது அக்குளுக்குள் விட்டு, உள்ளங்கையைத் தோள்பட்டை எலும்பில் அழுத்துங்கள், இது அண்டர்ஹூக். இடக்கையை அவரது வலக்கைக்கு மேலால் சுற்றி, முழங்கைக்குச் சற்று மேலே உங்கள் விலாவோடு இறுக்குங்கள், இது ஓவர்ஹூக். இனி நெஞ்சோடு நெஞ்சு ஒட்டட்டும். ஓ-கோஷி, ஹராய்-கோஷி, உச்சிமாத்தா ஆகிய மூன்று எறிதல்களுக்கும் இந்தப் பிடி போதும். தோளுக்கு மேலால் எறியும் செயோய்-நாகேயில் ஆசை இருந்தால், கழுத்துப்பட்டியை நம்பும் மொரோத்தே வகையை விட்டுவிட்டு, அவரது கையை உங்கள் முழங்கை மடிப்புக்குள் பூட்டும் இப்பொன் வகையை எடுங்கள்.

ஆனால் ஒன்று: நீங்கள் ஓவர்ஹூக் போட்ட பக்கத்தில் அவருக்கும் அண்டர்ஹூக் கிடைத்திருக்கிறது. அந்தப் பக்கம் தளர்ந்தால் முதுகுப் பக்கம் போய்விடுவார். அண்டர்ஹூக் கிடைக்காத எரிச்சலில் கழுத்தை மட்டும் சுற்றிப் பிடித்து எறிவதும் இதே வம்பில்தான் முடியும். புதியவர்களுக்கு அதில் ஏனோ தனி மோகம்!

நிமிர்ந்து நிற்கும் பழக்கத்தையும் கொஞ்சம் விடுங்கள். ஜூடோப் போட்டிகளில் காலை நேரடியாகப் பிடிப்பதை 2010இல் கட்டுப்படுத்தி, 2013இல் முழுதாகவே தடுத்தார்கள். அதனால் காலைக் காக்கும் எண்ணமே உங்களுக்கு வராது. இங்கே எதிராளி நேரே காலுக்குத்தான் வருவார். முழங்காலை மடித்து, நெற்றியை அவரது தாடையோரம் வைத்தால் அவர் குனிவது கடினம்.

பயிற்சியில் எறியும்போது அவர் தரையைத் தொடுமுன் ஓவர்ஹூக்கைத் தளர்த்துங்கள். கை பூட்டிக் கிடந்தபடி விழுந்தால் அவரது தோள்மூட்டு போய்விடலாம்.