நேச்சுரல் ரைப்பன்டா, நேச்சுரலி ரைப்பன்டா?

கிருஷ்ணகிரி மாம்பழப் பெட்டி லேபிளில் 'நேச்சுரல் ரைப்பன்ட் மேங்கோஸ்' என்று போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அச்சுக்குப் போகும் முன்பே 'நேச்சுரலி' என்று மாற்றிவிடுங்கள். ரைப்பன்ட் என்பது நம் 'பழுத்த' மாதிரி வினையிலிருந்து வந்த சொல், எப்படிப் பழுத்தது என்று சொல்ல 'இயற்கையாகப் பழுத்த' என்போமே தவிர 'இயற்கையான பழுத்த' என்போமா? அந்த 'ஆக'தான் அங்கே 'லி'.

அப்புறம், இந்த 'லி'க்குப் பின்னால் ஹைஃபன் (-) போடாதீர்கள், நிறைய லேபிளில் இந்தத் தப்பைப் பார்க்கிறேன். இதேபோல் 'நன்றாக பேக் செய்த' என்று சொல்ல 'குட் பேக்ட்' வராது, 'வெல் பேக்ட்'தான். இதில் 'லி' இல்லாததால் ஹைஃபன் விஷயம் வேறு: 'எ வெல்-பேக்ட் பாக்ஸ்' என்று பெயருக்கு முன்னால் வந்தால் ஹைஃபன் உண்டு, 'தி பாக்ஸ் இஸ் வெல் பேக்ட்' என்றால் தேவையில்லை. 'ஹார்ட்லி' மட்டும் ஜாக்கிரதை. 'ஹார்ட்லி ரைப்பன்ட்' என்றால் பழம் சரியாகப் பழுக்கவே இல்லை என்று அர்த்தம்.