பீதியும் ரீபூட்டும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் ஒரு பாதி நோய்ப் பீதி, அரசியல் புரளி பற்றியவை. மறுபாதி அறிவியல் புனைகதைப் படங்களைத் திரும்பத் திரும்ப எடுப்பது பற்றியவை. தனித்தனியாகப் பிரிக்காமல் கலந்தே தருகிறோம். பல இடங்களில் ஒன்றுக்கான பதில் இன்னொன்றில்தான் கிடைக்கிறது.

கே: "இந்த மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் உறையும் அபாயம் இரண்டு மடங்கு" என்று செய்தி வருகிறது. உடனே நிறுத்திவிட வேண்டியதுதானே?

ப: அவசரப்படாதீர்கள். எதற்கு இரண்டு மடங்கு என்று முதலில் கேளுங்கள். 1995 அக்டோபரில் பிரிட்டனில் இப்படித்தான் ஒரு எச்சரிக்கை வந்தது. புதிய ரகக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்குழாயில் கட்டி உறையும் அபாயம் இரட்டிப்பாகிறது என்று மருந்துப் பாதுகாப்புக் குழு டாக்டர்களுக்குத் தெரிவித்தது. பத்திரிகைகள் "இரட்டிப்பு" என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. கணக்கைப் பாருங்கள். பழைய மாத்திரையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, புதியதில் 7,000 பேரில் இருவருக்கு வந்தது. கூடியது அந்த ஒருவர்தான். ஆனால் பயந்துபோன பலர் மாத்திரையையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஓராண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இதில் கொடுமை என்னவென்றால், கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் அபாயம் அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம்.

செய்தியில் "மடங்கு" என்றோ "இத்தனை சதவீதம் கூடுகிறது" என்றோ பார்த்தால் மூன்று விவரங்களைத் தேடுங்கள். முன்பு எத்தனை பேரில் எத்தனை பேருக்கு, இப்போது எத்தனை பேருக்கு, எவ்வளவு காலத்தில். இவை இல்லாத செய்தியை நம்பி மருந்தில் கை வைக்கக் கூடாது. வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு, சில ரத்த அழுத்த மருந்துகள் ஆகியவற்றைச் சட்டென்று நிறுத்துவதே தனி ஆபத்து.

கே: தடுப்பூசி போட்ட மறுநாள் ஒருவர் இறந்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்?

ப: வரும், வரவும் வேண்டும். அதற்கு அடுத்த வேலை ஒரு சின்னப் பெருக்கல். ஆண்டுக்கு 100-க்கு 4 பேர் இயல்பாகவே இறக்கும் வயதினர் 10 லட்சம் பேருக்கு ஊசி போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊசியே இல்லாவிட்டாலும் அவர்களில் ஆண்டுக்கு 40,000 பேர், அதாவது நாளொன்றுக்குச் சுமார் 110 பேர் இறப்பார்கள். எனவே "மறுநாள் இறந்தார்" என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. வழக்கமான 110 என்பது 200 ஆகியிருக்கிறதா என்பதே கேள்வி.

அமெரிக்காவில் 1976-ல் இந்தக் கணக்கின் இரண்டு பக்கங்களும் தெரிந்தன. நியூஜெர்சி மாநில ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் பன்றிக் காய்ச்சல் வைரஸ் தென்பட்டது, ஒரு சிப்பாய் இறந்தார். 1918-ன் கொள்ளைநோய் மறுபடி வருகிறது என்று நாடே நடுங்கியது. எல்லோருக்கும் தடுப்பூசி என்று அதிபர் ஃபோர்டு மார்ச்சில் அறிவித்தார், அக்டோபரில் ஊசி தொடங்கியது. சில நாட்களிலேயே பிட்ஸ்பர்க்கில் ஊசி போட்டுக்கொண்ட முதியவர்கள் மூவர் இறந்தார்கள், பல மாநிலங்கள் திட்டத்தை நிறுத்திவைத்தன. அந்த மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவரவில்லை. ஆனால் நரம்புகள் பாதிக்கப்பட்டுக் கைகால்கள் தளரும் கியான்-பாரே என்ற நோய், ஊசி போட்டவர்களிடம் ஒரு லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் கூடுதலாக வந்தது. இது நிஜமான பக்க விளைவு. டிசம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டபோது 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஊசி போட்டிருந்தார்கள். எதிர்பார்த்த கொள்ளைநோய் கடைசிவரை வரவேயில்லை.

தடுப்பு மருந்தைத் தயாரித்து வைத்ததில் தப்பில்லை என்பது எங்கள் கருத்து. நோய் முகாமை விட்டு வெளியே பரவுகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடங்கில் வைத்திருக்கலாம். தயாரிப்பது, போடுவது என்ற இரண்டு முடிவுகளையும் ஒரே நாளில் எடுத்தார்கள், சறுக்கியது அங்கேதான்.

கே: ரீமேக், ரீபூட் — என்ன வித்தியாசம்?

ப: ஒரே கதையை மறுபடி எடுத்தால் ரீமேக். ஒரு கதை உலகத்தின் பழைய வரலாற்றை அழித்துவிட்டு, அதே பெயர்களோடு முதலிலிருந்து தொடங்கினால் ரீபூட். இடையில் ஒரு தந்திரமும் உண்டு. பழைய விண்வெளித் தொலைக்காட்சித் தொடரான ஸ்டார் ட்ரெக்கின் பெயரில் 2009-ல் வந்த படம், எதிர்காலத்திலிருந்து ஒரு கப்பலை 2233-க்கு அனுப்பி, அங்கிருந்து காலவரிசையைக் கிளை பிரித்தது. பழைய தொடர் அழியவில்லை, புதியதும் அதற்குக் கட்டுப்படவில்லை. ரசிகர்களின் கோபத்திலிருந்து தப்பிக்க இதைவிடச் சாமர்த்தியமான ஏற்பாட்டை நாங்கள் பார்த்ததில்லை.

கே: 1938-ல் வானொலியில் செவ்வாய்வாசிகள் வந்த நாடகத்தைக் கேட்டு அமெரிக்காவே தெருவுக்கு ஓடியதாமே?

ப: அக்டோபர் 30, 1938. ஆர்சன் வெல்ஸ் குழுவினர் சிபிஎஸ் வானொலியில் நடத்திய நாடகம் அது. கேட்டுப் பயந்தவர்கள் உண்டு, போலீசுக்கும் பத்திரிகைகளுக்கும் போன் செய்தவர்கள் உண்டு. ஆனால் அன்றிரவு எடுத்த நேயர் கணக்கெடுப்பில் அந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னவர்கள் சுமார் 2 சதவீதம்தான். வேறு நிலையத்தில் நகைச்சுவை நிகழ்ச்சி கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. மறுநாள் பத்திரிகைகள் கண், காது, மூக்கு வைத்து எழுதின. விளம்பர வருமானத்தை வானொலி பறித்துக்கொண்டிருந்த காலம் அது. "வானொலியை நம்பாதே" என்று எழுதப் பத்திரிகைகளுக்குக் காரணம் இருந்தது.

ஆனால் அதே நாடகத்தின் இன்னொரு வடிவம் நிஜமாகவே உயிர் குடித்தது. 1949 பிப்ரவரியில் ஈக்வடார் தலைநகர் கீட்டோவில் ஒரு வானொலி நிலையம் உள்ளூர் ஊர்ப்பெயர்களை வைத்து அதை ஒலிபரப்பியது. மக்கள் தெருவுக்கு ஓடினார்கள். நாடகம் என்று அறிவித்ததும் பயம் கோபமாகி, நிலையம் இருந்த கட்டடத்துக்கே தீ வைத்தார்கள். குறைந்தது ஆறு பேர் இறந்தார்கள். புரளியை மறுக்கும்போது "ஏமாந்துவிட்டீர்கள்" என்ற தொனி ஏன் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

கே: ஒரு தலைவர் "துரோகிகளின் பட்டியல் என் கையில் இருக்கிறது" என்றால் எப்படிச் சோதிப்பது?

ப: எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். அமெரிக்க செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி 1950 பிப்ரவரி 9 அன்று வீலிங் நகரில் ஒரு தாளைக் காட்டி, வெளியுறவுத் துறையில் கம்யூனிஸ்டுகள் 205 பேர் என்றார். சில நாட்களில் அது 57 ஆனது. அதே மாதம் செனட் சபையில் பேசும்போது 81. கையிலிருக்கும் பட்டியல் வாரத்துக்கு வாரம் நீண்டு சுருங்காது. இத்தனைக்கும் அவரை செனட் கண்டித்தது 1954 டிசம்பரில்தான். அதற்குள் பலருக்கு வேலை போயிருந்தது.

இன்னொரு சோதனை தேதி. 1920 மே 1 அன்று புரட்சி வெடிக்கும் என்று அந்நாட்டின் அட்டர்னி ஜெனரல் பாமர் எச்சரித்தார். பெருநகரங்களில் போலீஸ் குவிந்தது. மே 2 வழக்கம்போல விடிந்தது, அவர் செல்வாக்கும் அதோடு சரிந்தது. தேதி குறிப்பிட்ட எச்சரிக்கை வந்தால் நாள்காட்டியில் எழுதி வையுங்கள். விவரமான புரளிக்காரர்கள் தேதியே சொல்ல மாட்டார்கள்.

கே: மனிதர்களை நகலெடுக்கும் விதைக் கூடுகள் பற்றிய "பாடி ஸ்னாட்சர்ஸ்" கதையை ஏன் நாலு தடவை எடுத்தார்கள்? கதையில் சரக்கு தீரவில்லையா?

ப: கதையின் விதி மிக எளிது. பக்கத்து வீட்டுக்காரர் அதே முகத்தோடு இருக்கிறார், ஆனால் அவர் அவர் இல்லை. இந்தக் காலியிடத்தில் அந்தந்தக் காலத்தின் பயத்தை நிரப்பிக்கொள்ளலாம். 1956 படத்தைப் பார்த்துக் கம்யூனிச ஊடுருவல் என்றவர்களும் உண்டு, மெக்கார்த்தி காலத்து ஆட்டுமந்தைத்தனம் என்றவர்களும் உண்டு. நெடுஞ்சாலையில் நாயகன் கத்துவதோடு முடிக்கத்தான் இயக்குநர் டான் சீகல் நினைத்தார். தயாரிப்புத் தரப்பு பயந்து, மருத்துவமனைக் காட்சிகளை முன்னும் பின்னும் ஒட்டி, உதவி வருவதாகக் காட்டியது. 1978 படம் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய், யாரும் யாரையும் கவனிக்காத மாநகரத்தைப் பிடித்தது. எங்கள் ஓட்டு அதற்குத்தான், கடைசி ஷாட்டைச் சொல்லிக் கெடுக்க மாட்டோம். 1993-ல் ராணுவ முகாம். எல்லோரும் ஒரே உடையில் நடக்கும் இடத்தில் நகலை எப்படிக் கண்டுபிடிப்பது? நல்ல யோசனை.

2007-ல் கூடுகள் போய்க் கிருமி வந்தது. சளிக்காய்ச்சல் என்று பெயர் சொல்லித் தொற்று பரவுகிறது. காலத்துக்கேற்ற பயம்தான், ஆனாலும் படம் கவிழ்ந்தது. நோய் என்றால் மருந்து உண்டு. மருந்து வந்ததும் நகலானவர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். போனவர் போனவர்தான் என்பதுதான் இந்தக் கதையின் அச்சாணி, அதைப் பிடுங்கிவிட்டார்கள்.

கே: பீதி நேரத்தில் பிளீச்சிங் திரவத்தோடு வினிகரும் கலந்து துடைத்தால் கிருமி இரட்டிப்பாகச் சாகுமா?

ப: கிருமிக்கு முன்னால் உங்கள் நுரையீரல் பாதிக்கப்படும். அமிலம் பட்டதும் பிளீச்சிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். அமோனியா உள்ள கிளீனரோடு சேர்ந்தால் குளோரமைன் வாயு. வெறும் தண்ணீர் போதும். 5 சதவீத பிளீச் திரவம் 20 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் 0.1 சதவீதக் கரைசல். வெந்நீர் வேண்டாம், குளோரின் வீணாகும். முதலில் சோப்பு போட்டு அழுக்கை எடுத்துவிடுங்கள், அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். ஜன்னலைத் திறந்துவைத்துத் துடையுங்கள். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

கே: 99 சதவீதம் துல்லியமான பரிசோதனையில் பாசிட்டிவ் வந்துவிட்டது. நோய் உறுதிதானே?

ப: நோய் எவ்வளவு அரிது என்பதைப் பொறுத்தது. 10,000 பேரில் 10 பேருக்கு உள்ள நோய் என்று வையுங்கள். அந்தப் பத்துப் பேரையும் பரிசோதனை பிடித்துவிடுகிறது. நோயில்லாத 9,990 பேரில் நூற்றுக்கு ஒருவரைத் தவறாகக் காட்டினால் சுமார் 100 பேர். ஆக 110 பாசிட்டிவில் நிஜம் 10. அறிகுறி இருந்து, டாக்டர் சொல்லிச் செய்துகொண்டவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களிடம் நோய் இருக்கும் வாய்ப்பு ஆரம்பத்திலேயே அதிகம். எப்படியானாலும் வேறு முறையில் இரண்டாவது பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரே கிட்டை மறுபடி பயன்படுத்தினால் அதே தவறு திரும்ப வரலாம்.

கே: "ஐ ஆம் லெஜண்ட்" படத்தில் தடுப்பூசியால்தான் மனிதர்கள் பேய்போல ஆனார்கள், அதுவே நடக்கப்போகிறது என்று செய்தி சுற்றியதே?

ப: படத்தை ஒழுங்காகப் பார்க்காதவர்கள் கிளப்பியது. 2007-ல் வந்த அந்தப் படத்தில் காரணம், புற்றுநோயைக் குணமாக்க மரபணு மாற்றிய தட்டம்மை வைரஸ். 2021-ல் இந்தப் புரளி பரவியபோது திரைக்கதை ஆசிரியர்களில் ஒருவரே, அது தான் கட்டிய கதை, நிஜமில்லை என்று பகிரங்கமாக எழுத வேண்டி வந்தது.

கே: பழைய அறிவியல் கதை ஒன்றை ரீபூட் செய்து எழுத ஆசை. எங்கே தொடங்குவது?

ப: பழைய கதையை ஒரே வாக்கியத்தில், விதியாக எழுதுங்கள். பெயர், ஊர், இயந்திரம் எதுவும் அதில் வரக்கூடாது. "மனிதன் எழுப்பிவிட்ட ஆபத்து, மனிதனின் ஊரைத் தேடி வருகிறது" என்பது ஜப்பானிய ராட்சத மிருகப் படமான காட்ஸில்லா. அடுத்து, மூலக்கதை வந்த ஆண்டில் மக்கள் எதற்குப் பயந்தார்கள் என்று தேடுங்கள். 1954 மார்ச்சில் பிகினி தீவில் நடந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல், ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின் மேல் விழுந்தது. 23 பேருக்குக் கதிர்வீச்சு பாதிப்பு. மீன் வாங்கவே மக்கள் அஞ்சினார்கள். நவம்பரில் படம் வந்தது, ஒரு படகு தாக்கப்படுவதில்தான் தொடங்கியது.

2016-ல் வந்த ஜப்பானிய ரீபூட்டில் அந்த இடத்தில் 2011 ஃபுகுஷிமா அணு உலை விபத்து வந்து உட்கார்ந்தது. ராட்சதனைவிட அதிக நேரம் திரையில் இருப்பவர்கள் கூட்டம் போட்டு, கூட்டத்தைக் கலைத்து, பெரிய அறைக்கு மாறி மறுபடி கூட்டம் போடும் அதிகாரிகள். கடைசியில் ராட்சதனின் வாயில் உறைமருந்தை ஊற்றுவது நீண்ட கை கொண்ட பம்பு லாரிகள். ஃபுகுஷிமாவில் அணு உலைக்குத் தண்ணீர் பாய்ச்சியதும் கான்கிரீட் பம்பு லாரிகள்தான். ஜப்பானிய ரசிகருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இப்படி ஒரு பொருளாவது உங்கள் கதையில் இருக்கட்டும்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்: மூலத்தில் விளக்காமல் விட்டதையெல்லாம் விளக்குவது, பழைய பிரபல வசனத்தைக் காரணமில்லாமல் நுழைப்பது, முதல் மூன்றில் ஒரு பங்கை நாயகனின் பால்யத்துக்குக் கொடுப்பது.

கே: கொள்ளைநோய்ப் படங்களில் மட்டும் மருந்து ஒரே ராத்திரியில் தயாராவது எப்படி?

ப: காத்திருப்பதைப் படமாக்க முடியாததால்தான். கொரோனா வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரி இரண்டாம் வாரத்தில் வெளியானது. மார்ச் 16 அன்று மாடர்னா நிறுவனத்தின் தடுப்பூசி முதல் மனிதருக்குப் போடப்பட்டது. இதுவரை சினிமா வேகம்தான். அதன் பிறகு சுமார் 30,000 பேரை இரு பிரிவாக்கி, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் உப்புநீரும் போட்டு, யாருக்கு இயல்பாக நோய் வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நவம்பரில் 95 பேருக்கு வந்திருந்தது. பிரித்துப் பார்த்தால் உப்புநீர்ப் பிரிவில் 90, மருந்துப் பிரிவில் 5. இந்தக் காத்திருப்பை விறுவிறுப்பாக எடுக்கும் டைரக்டர் யாராவது வந்தால், ரீபூட்டோ ரீமேக்கோ, முதல் காட்சிக்கே டிக்கெட் எடுத்துவிடுவோம்.