நோகவில்லை என்று அழுத்தத்தைக் கூட்டலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது, பரந்தனில் வயல் செய்கிறேன். ஒன்பது வருடமாகச் சீனி வருத்தம், குளிசை போடுகிறேன். ஆறு மாதமாகக் காலையில் எழும்பி வலது குதிக்காலை ஊன்ற முடியவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிகிறதாம். தனியார் இடமொன்றில் காற்றில் வேலை செய்யும் அதிர்வலை மெசினால் இரண்டு தரம் அடித்தார்கள். முதலில் 2 பார் அழுத்தம். நோகவில்லை என்றதும் அடுத்த கிழமை 3.5 பாருக்குக் கூட்டினார்கள். அதுவும் நோகவில்லை. 2009இல் பட்ட செல் (எறிகணை) துண்டு ஒன்று அதே காலின் கெண்டையில் இருக்கிறது. அது அசைந்து நெஞ்சுக்கு ஏறிவிடும், காற்று இரத்தக் குழாய்க்குள் போய்விடும் என்று யூடியூப்பில் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது. இடையில் பாமசியில் டைக்ளோபெனாக் என்ற நோவுக் குளிசை வாங்கிப் போடுகிறேன்.

பதில்: செல் துண்டு ஏறாது ஐயா. இத்தனை வருடத்தில் அதைச் சுற்றித் தழும்புத் தசை இறுகிப் பிடித்திருக்கும். இந்த மெசினின் அலை தோலில்தான் மிகப் பலமாக இருக்கும். மூன்று நான்கு சென்ரிமீற்றர் ஆழம் போவதற்குள் தேய்ந்துவிடும். குதிக்காலில் அடிப்பது கெண்டையில் கிடக்கும் இரும்பை அசைக்காது. துண்டு இருக்கும் இடத்தின் மேல் மட்டும் கைப்பிடியை வைக்கக் கூடாது. எக்ஸ்ரேயைக் கொண்டுபோய்க் காட்டி, அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிடச் சொல்லுங்கள். எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் துண்டைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரும்பு பற்றிய பயம் அங்கேதான் நியாயமானது.

காற்றும் உள்ளே போகாது. கைப்பிடிக்குள் ஒரு குழாய், அதற்குள் சிறிய உலோக உருளை. வால்வு ஒரு கணம் திறக்க, கம்பிரசர் காற்று அந்த உருளையைத் தள்ளி, முனையில் இருக்கும் உலோகத் தலையில் மோத வைக்கும். தோலுக்கு வருவது அந்த மோதலின் அதிர்வு மட்டுமே. காற்று கைப்பிடியோடு வெளியேறிவிடும். மோட்டார் சைக்கிள் ரயருக்கு அடிக்கும் 30 பி.எஸ்.ஐ. ஏறத்தாழ 2 பார். மெசினில் எழுதியிருக்கும் பாரும் அதே அளவைதான். அது உருளையைத் தள்ளும் காற்றின் அழுத்தம். உங்கள் தசைக்குள் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதை அந்த இலக்கம் சொல்லாது. அதனால்தான் ஒரு மெசினின் 3 பாரும் இன்னொரு மெசினின் 3 பாரும் ஒன்றல்ல.

எலும்பு முள்ளை மறந்துவிடுங்கள். அது இருந்தும் நோவில்லாமல் நடப்பவர்கள் ஏராளம்.

எனக்குக் கவலை தந்தது ‘அதுவும் நோகவில்லை’ என்று நீங்கள் எழுதியதுதான். குதிக்கால் நோவுக்கு வழமையாக 1.5 பார் அளவில் தொடங்கி, வினாடிக்கு 10 அடி என்ற கணக்கில் 2000 அடி கொடுப்பார்கள். மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கிழமைக்கு ஒரு தரமாக மூன்று முதல் ஐந்து தரம். முதல் சில நூறு அடிகளுக்குள், ‘நோகிறது, ஆனால் தாங்கலாம்’ என்று நீங்கள் சொல்லும் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அங்கே நிறுத்த வேண்டும். ஆக, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் திருகின் மறுபாதி உங்கள் வாய்தான். மரக்கப் பண்ணும் ஊசி போட்டு அடித்தபோது பலன் குறைந்தது என்று ஆய்வுகளிலேயே வந்திருக்கிறது. உணர்வு இல்லாத காலில் எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாது.

2 பாரில் நோகாததற்குக் காரணம் மூன்று இருக்கலாம். முனை சரியான இடத்தில் படவில்லை: அடிக்க வேண்டியது குதிக்கால் நடுவில் அல்ல, அதன் உட்புறம் முன்பக்கமாக, பெருவிரலால் அழுத்தினால் துள்ள வைக்கும் அந்த ஒரு புள்ளியில். அல்லது மெசின் தேய்ந்துவிட்டது: உருளையும் முனையும் இலட்சக்கணக்கான அடிகளில் தேய்பவை, வேகத்தைக் கூட்டும்போது கம்பிரசர் ஈடுகொடுக்காவிட்டாலும் அடி மெலியும். மூன்றாவது, ஒன்பது வருடச் சீனி உங்கள் பாத நரம்புகளைத் தின்றிருக்கிறது. காலையில் குத்துகிறதே என்று கேட்பீர்கள். உணர்வு குறைந்த காலிலும் நோவு வரும், எரிவும் ஊசி குத்தலும் சிலவேளை அந்தக் கெட்டுப்போன நரம்பிலிருந்தே வருகின்றன.

இதை இன்றிரவே வீட்டில் பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு படுங்கள். வீட்டில் ஒருவர் சுட்டுவிரல் நுனியால் உங்கள் இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, ஒழுங்கு மாற்றி, ஒன்றிரண்டு வினாடி மெல்லத் தொடட்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தெரியாத விரலை இரண்டாம் தரம் தொடக் கூடாது. தொட்டது தெரிந்ததும் எந்தக் கால் என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்வு குறைந்துவிட்டது. எல்லாம் சரியாக வந்தாலும், அடுத்த அடிக்கு முன் கிளிநொச்சி வைத்தியசாலைக் கிளினிக்கில் நைலோன் இழையால் பாதத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை மெசின் வேண்டாம். உணர்வு குறைந்தது உறுதியானால் இந்த வைத்தியமே உங்களுக்கு வேண்டாம். கன்றிய தோல் உங்களுக்குத் தெரியாமலே புண்ணாகும், அந்தப் புண்ணோடு சேற்றில் இறங்குவீர்கள்.

டைக்ளோபெனாக்கை இன்றே நிறுத்துங்கள். சீனி உள்ளவரின் சிறுநீரகத்துக்கு அது கேடு. காரணம் தெரியாத சிறுநீரக நோய் வவுனியாக் கிராமங்கள் வரை வந்திருக்கும்போது, நோவுக் குளிசையை மிட்டாய் போல வாங்கிப் போடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. தேவையென்றால் பரசிற்றமோல், அதுவும் பெட்டியில் எழுதிய அளவுக்குள். இணையத்தில் விற்கும் மசாஜ் துப்பாக்கியை வாங்கிக் குதிக்காலில் வைக்கும் யோசனை இருந்தால் அதையும் விடுங்கள்.

காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன், நோகும் காலை மற்றத் தொடையின் மேல் போட்டு, கால்விரல்களைக் கையால் முழங்கால் பக்கமாக வளைத்துப் பிடியுங்கள். பாதத்தின் அடியில் ஒரு நார் கயிறுபோல விறைக்கும். பத்து வினாடி பிடித்து விடுவது, பத்துத் தரம், நாளைக்கு மூன்று வேளை. தேய்ந்த இறப்பர்ச் செருப்பை மாற்றுங்கள். முற்றத்திலும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

ஒருநாள் அந்தப் பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, மற்றப் பாதத்தைவிடச் சூடாக இருந்தால், நோகவே இல்லை என்றாலும், அன்றே காலை ஊன்றாமல் யாரையாவது ஏற்றிக்கொண்டு வரச் சொல்லி வைத்தியசாலைக்குப் போங்கள். சீனிக்காரரின் கால் எலும்பு உள்ளே நொறுங்கத் தொடங்குவது பலருக்கு அப்படித்தான், பெரிதாக நோகாமல்.