வயலுக்கு இடும் பொட்டாஷ் சமையல் உப்பிலும் இருக்கலாமா?

கேள்வி: என் தந்தைக்கு 64 வயது. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. ரத்தக் கொதிப்புக்கு டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிறார். அவருக்காக 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கினேன். அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதாக அச்சிட்டிருக்கிறார்கள். வயலுக்கு இடும் பொட்டாஷ் உரமும் அதுதானே? சாப்பிடலாமா?

பதில்: வேதிப்பொருள் என்ற வகையில் இரண்டும் ஒன்றுதான். ஆனால், உணவில் சேர்ப்பது அதற்கெனத் தூய்மைப்படுத்தப்பட்டு, உணவுச் சேர்க்கைப் பொருள்களின் பட்டியலில் 508 என்ற எண்ணுடன் அனுமதிக்கப்பட்ட உப்பு என்பதால், பெயரைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு உள்ள உப்பை நாளொன்றுக்கு 5 கிராம் சேர்த்தால், ஏறத்தாழ 650 மில்லிகிராம் பொட்டாசியம் உடலுக்குள் செல்லும். நடுத்தர அளவுள்ள ஒன்றரை வாழைப்பழத்தில் இருக்கும் அளவு அது. நலமான சிறுநீரகம் அதை எளிதாக வெளியேற்றிவிடும்.

இந்த உப்பால் பயனும் உண்டு. சீனாவின் 600 கிராமங்களில், பக்கவாதம் வந்தவர்களும் ரத்தக் கொதிப்புள்ள முதியவர்களுமாக ஏறத்தாழ 21,000 பேரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், இத்தகைய உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்திருந்தது. எனினும், கடுமையான சிறுநீரக நோயுள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதை உங்கள் தந்தையின் பொருட்டு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

டெல்மிசார்ட்டன் நல்ல மருந்து. அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் அது சிறுநீரில் பொட்டாசியம் வெளியேறுவதைக் குறைக்கும். நீண்ட காலச் சர்க்கரை நோயோ எந்த அறிகுறியும் காட்டாமலே சிறுநீரகத்தைப் பழுதாக்கியிருக்கக்கூடும். இவ்விரண்டும் சேர்ந்த நிலையில் பொட்டாசியம் உப்பும் கூடினால், ரத்தத்தில் அதன் அளவு ஏறி, முன்னறிவிப்பே இல்லாமல் இதயத் துடிப்பின் சீர் குலையலாம். பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையும் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

ஆகவே முதலில், சிறுநீரகத்தின் நிலையை அறிய, ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள், பொட்டாசியம் ஆகியவற்றின் அளவுகளையும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தையும் பரிசோதித்து, முடிவுகளை அவருடைய மருத்துவரிடம் காட்டுங்கள். பொட்டாசியம் பொதுவாக லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்து மருத்துவர் ஒப்புக்கொண்டால் பயன்படுத்தலாம். சில வாரங்களில் பொட்டாசியத்தை மீண்டும் பார்க்க வேண்டும். ஒரே உலையில் வீடு முழுவதற்கும் சமைப்பதால், மற்றவர்களில் யாருக்கேனும் சிறுநீரகக் கோளாறு உண்டா என்பதையும் கேட்டறியுங்கள்.

இதற்கு மாற்றாகப் பலர் இந்துப்பை வாங்குகிறார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே, அயோடினும் சேர்ந்திருக்காது. பரிசோதனை முடிவு வரும்வரை வழக்கமான அயோடின் கலந்த உப்பையே, ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ளதையும் கணக்கில் கொண்டு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் பயன்படுத்துங்கள். வாங்கிய பொட்டலம் அதுவரை பிரிக்காமலே இருக்கட்டும்.